எலிக்குக் கொடுத்த மஞ்சளும் எங்கள் வயிற்றுவலியும்

கணைய அழற்சிக்கு மஞ்சளும் கசாயமுமே போதும், ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள் என்றொரு குரல்பதிவு மட்டக்களப்பில் வட்ஸ்அப் குழுக்கள்தோறும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆய்வுகள் இருப்பது உண்மைதான். அவை என்ன சொல்கின்றன என்பதில்தான் எனக்கு வழக்கு.

இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையத்தில் சுரக்கும் டிரிப்சின் முதலான செரிமான நொதிகள் குடலைச் சென்றடைந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பித்தப்பைக் கல் வழியை அடைப்பதாலோ மிதமிஞ்சிய சாராயத்தாலோ அவை உள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டால், கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பிக்கிறது. ஆய்வுகூடத்தில் இந்நிலையை உண்டாக்க எலிகளுக்குச் செருலீன் என்ற பொருளை ஊசியால் ஏற்றுவார்கள். மஞ்சளிலுள்ள குர்க்குமினும், இரேவல்சின்னி வேரிலுள்ள இமோடினும் அந்த எலிகளில் அழற்சியைத் தணித்திருக்கின்றன. ஆனால் இத்தகைய சோதனைகள் பலவற்றில் மருந்து கொடுக்கப்படுவது நோயை உண்டாக்குவதற்கு முன்னர், அல்லது உண்டாக்கிய கையோடு. நம்மவரோ வாய்வு என்று எண்ணி உள்ளியும் ஓமத்தண்ணீரும் குடித்து, இரவு முழுவதும் துடித்து, வாந்தி நிற்காத பிறகுதான் வைத்தியசாலைக்கு வருகிறார்.

மனிதரில் செய்த ஆய்வும் உண்டு. இந்தியாவில் 2005இல் வெளியான ஒன்றில், வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற நாட்பட்ட வகை உள்ள 20 பேரில் ஒரு பகுதியினருக்கு 500 மில்லிகிராம் குர்க்குமினும் 5 மில்லிகிராம் மிளகுச் சத்தும் சேர்ந்த மருந்தை 6 வாரம் கொடுத்தார்கள். ஒட்சியேற்றச் சிதைவைக் காட்டும் இரத்த அளவொன்று குறைந்தது, வலி குறையவில்லை. குரல்பதிவில் இந்தப் பின்பாதி இல்லை. குர்க்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதும், கல் உள்ளவருக்கு அது ஆகாது என்பதும் இல்லை.

இதைச் சித்த வைத்தியத்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுக்க வேண்டாம். படுவான்கரையில் எனக்குத் தெரிந்த பரியாரியார் ஒருவர், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி என்று கேட்டால் நாடியைக்கூடப் பிடிக்காமல், "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். அங்கே இரத்தத்தில் லைப்பேஸ் என்ற கணைய நொதியின் அளவு இயல்பின் 3 மடங்கைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, சேலைன் ஏற்றி, வலியை அடக்கி, காரணம் கல்லா சாராயமா என்று தேடுவார்கள். அழற்சியையே நிறுத்தும் தனி மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இன்னும் இல்லை. மூலிகைச் சேர்மங்களில் விஞ்ஞானிகள் இவ்வளவு அக்கறை காட்டுவதும் அதனால்தான்.

குர்க்குமின் குளிசை வாங்கி விழுங்குபவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செறிவூட்டிய குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்; கறிக்குப் போடும் மஞ்சளுக்கும் அதற்கும் அளவில் வெகுதூரம்.