ஸ்காலர்ஷிப் பணத்த காலேஜ் கழிச்சுக்கிட்டா என்ன பண்றது?

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா மாதிரி சொராரிட்டில, அதாவது அமெரிக்க காலேஜ் பொண்ணுங்க சங்கத்துல, இருந்து படிச்சு முடிச்ச சீனியர் அக்காங்க ஸ்காலர்ஷிப் குடுக்கறத பத்தி ஒரு கட்டுரைல எழுதியிருந்தது மனசுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஆனா ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. 1908ல ஹோவர்ட் யுனிவர்சிட்டில கறுப்பினப் பெண்கள் ஆரம்பிச்ச சங்கம் இது, கமலா ஹாரிஸ் கூட அங்க படிக்கும்போது சேர்ந்தாங்களே அதேதான். இதுல டிகிரி வாங்கினதோட உறவு முடியாது, வேலைக்குப் போனப்புறம் அந்தந்த ஊர் கிராஜுவேட் சாப்டர்ல, அதாவது படிச்சு முடிச்சவங்க கிளைல, சேர்ந்து சந்தா கட்டி, விருந்து டான்ஸுன்னு டிக்கெட் வித்து காசு சேர்க்கறாங்க, அது சங்கத்துல இல்லாத உள்ளூர் ஹைஸ்கூல் பொண்ணுங்களுக்கும் போகுது, அதான் எனக்கு ரொம்ப புடிச்சது. 1980லயே தனியா ஒரு கல்வி அறக்கட்டளையும் வச்சுட்டாங்க. சொராரிட்டிக்கே நேரா குடுத்தா டொனேஷனுக்கு வரிவிலக்கு கிடைக்காதுல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான், வெளிலேர்ந்து 1000 டாலர் வந்தா சில காலேஜ் தான் தர்ற உதவில அதே 1000 டாலர கழிச்சுடுது. பொண்ணு கைக்கு ஒண்ணும் மிஞ்சாது. மேரிலாண்ட்ல 2017ல அரசு காலேஜுங்களுக்கு இதுல சட்டம் போட்டு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க, எல்லா ஸ்டேட்லயும் வரணும். அதுவரைக்கும் செக் அனுப்பறதுக்கு முன்னாடி ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல கேளுங்க அக்கா, இந்தக் காச அவ கடன்லேர்ந்து கழிப்பீங்களா இல்ல நீங்க குடுக்கற, திருப்பிக் கட்ட வேண்டாத கிராண்ட்லேர்ந்தான்னு. கிராண்ட்னு சொன்னா அடுத்த வருஷத்துக்கு தள்ளிவைக்க முடியுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.