உண்மை விளக்கம்: பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஜோடிக்கு நிலையான ‘இழப்புச் சதவீதம்’ கிடையாது

“இந்தப் பிராசஸருடன் இந்தக் கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்தால் 20 சதவீதம் வீணாகும்” என்றொரு கணக்கு சுற்றி வருகிறது. தவறு. எந்த ஜோடிக்கும் அப்படி மாறாத எண் கிடையாது.

கணினி விளையாட்டில் எதிரி எங்கே நகர்ந்தான், தோட்டா எதில் பட்டது என்று பிராசஸர் கணக்கிட்டுக் கொடுக்கிறது. கார்டு அதை வரைகிறது. இரண்டில் மெதுவானதே பிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் திரையில் வரும் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு பிரேமுக்குப் பிராசஸர் 8 மில்லி விநாடியும், 3840×2160 திரையில் கார்டு 16 மில்லி விநாடியும் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்குச் சுமார் 62 பிரேம், தடை கார்டு. 1920×1080-க்கு இறக்கினால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்கு. கார்டு 5 மில்லி விநாடியில் முடித்தாலும், பிராசஸருக்கு அதே 8 மில்லி விநாடி தேவை என்பதால் 125 பிரேமைத் தாண்டாது. இப்போது தடை பிராசஸர். அதே ஜோடி, அதே விளையாட்டு!

“பிராசஸர் 30 சதவீதம்தான் ஓடுகிறது, அது தடையாக இருக்காது” என்பதும் பிழையே. பிராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய 16 த்ரெட்களில் (வேலை வரிசைகளில்) ஒன்று மட்டும் முழுச் சுமையில் திணறினால், மொத்தக் கணக்கில் அது வெறும் 6 சதவீதமாகத்தான் தெரியும்.

கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். விநாடிக்கு இத்தனை பிரேம் போதும் என்று வரம்பு வைக்காதபோது அது 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் தடை கார்டு. 60, 70 என்று இறங்கிக் கிடந்தால் பெரும்பாலும் பிராசஸர். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல், யாரோ சொன்ன சதவீதத்தை நம்பிச் சேமிப்பைக் கரைப்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.