வெள்ளத்துக்கு மொழி இல்லையாம்!

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் சிங்களத்தில் மட்டும் நடந்த வெள்ள முன்னாயத்தக் கூட்டத்தின் வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு அக்கா எழும்பி "கொஞ்சம் தமிழிலயும் சொல்லுங்கோ" என்று கேட்டதும், மேடையில் இருந்தவர் "வெள்ளத்துக்கு மொழி இல்லைதானே" என்றதும், மண்டபமே சிரித்ததும் வீடியோவில் இருக்கிறது. அந்த வீடியோவுக்கு நம்மவர்களே ஹார்ட் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

வெள்ளத்துக்கு மொழி இல்லை, சரி. எச்சரிக்கைக்கு இருக்கிறது. வெள்ளம் தன்பாட்டில் வரும், அதற்குக் கூட்டமும் புரொஜெக்டரும் தேவையில்லை. வரப்போகிறது என்று சொல்வதற்குத்தானே கூட்டம்?

2016 மே வெள்ளத்தின்போது என் சின்னம்மா கொழும்புக்குப் பக்கத்து வெல்லம்பிட்டியில் மகள் வீட்டில் இருந்தார். பதுளைப் பக்கத்து ஆள், தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கையில் கத்திக்கொண்டு போயிருக்கிறது. லொத்தர் டிக்கெட் விற்கிறவன் என்று நினைத்து, சின்னம்மா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாசலால் வரவில்லை. குசினி மூலையில் கழுவுகிற தண்ணீர் போகும் ஓட்டையால் கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு ஏறியது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்ததால் ஆள் தப்பியது. அடையாள அட்டையையும் மருந்துத் துண்டையும் சொப்பிங் பேக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டுதான் சின்னம்மா வெளியே வந்தார். அந்த அம்மா வீட்டுக்கு இன்றைக்கும் சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் போகிறது. அதனால் "இனவாதம் கதைக்கிறாய்" என்று வருகிறவர்கள் தயவுசெய்து வாசலோடு நில்லுங்கள்.

"கொழும்புத் தமிழருக்குச் சிங்களம் தெரியும்தானே?" புறக்கோட்டையில் விலை பேசுகிற அளவுக்கு எனக்கும் தெரியும். களனி கங்கையின் நீர்மட்டம் கொழும்பு நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். இதை நடுச்சாமத்தில், கரண்ட் இல்லாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு மொழியில் விளங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். நல்லது. கங்கைப் பக்கத்துக் கொலன்னாவையிலும் மட்டக்குளியிலும் தமிழ் பேசுகிற சனம் என்றால் அதில் முஸ்லிம் ஆட்களும் அடக்கம், அதையும் மறந்துவிட வேண்டாம்.

"மொழிபெயர்க்க ஆள் இல்லை." ஆள் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். தேர்தல் வந்தால் மட்டும் எங்கிருந்து முளைக்கிறார்கள்? நோட்டீஸில் ஒரு எழுத்துப் பிழைகூட இருப்பதில்லை.

"இதிலும் அரசியலா?" நான் புதிதாக எதையும் கேட்கவில்லை ஐயா. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. சுனாமிக்குப் பிறகு வந்த அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். இரண்டுமே 13. நம்முடைய ராசி அப்படி.

2025 நவம்பர் டித்வா புயலில் நாடு முழுக்க 600 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். அந்த இரவுகளில் சிங்களத்தில் வந்த அறிவித்தல்களைத் தமிழாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தது என்னைப் போன்ற சம்பளமில்லாத ஆட்கள். ஒன்றை அனுப்பி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நுவரெலியாவிலிருந்து ஒரு பிள்ளை, "அண்ணே, மண்சரிவு சிவப்பு எண்டு போட்டிருக்கு, இப்பவே வெளிக்கிடணுமா?" என்று வொயிஸ் அனுப்பியிருந்தாள். பின்னால் மழைச் சத்தம். அதை என்னிடமா கேட்க வேண்டும்? நான் கணக்குப் பார்க்கிறவன். "உடனே வெளிக்கிடு" என்று அனுப்பிவிட்டு, இரண்டு நீல டிக் விழும்வரை போனை கீழே வைக்கவில்லை.

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமான மீரியபெத்தையும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிந்து தொழிலாளர்களின் லய வீடுகள் மண்ணுக்குள் போன பிறகு, முன்பே எச்சரித்தோம் என்றார்கள். எச்சரித்தார்கள்தான். போவதற்கு ஓர் இடத்தைக் காட்டினார்களா? தோட்டத்து வீட்டை விட்டு அந்தச் சனம் எங்கே போய்ப் படுக்கும்? இது மொழிப் பிரச்சினை இல்லை, பேச்சை மாற்றுகிறாய் என்பீர்கள். இருக்கட்டும். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. நாங்கள் சொன்னோம் என்று ஃபைலில் எழுதிவைப்பதற்காகச் சொல்கிறார்கள், கேட்கிறவனுக்கு விளங்கியதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளங்கவில்லை என்று ஒருத்தி எழும்பிக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அந்த அக்கா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹார்ட் போட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது, வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அன்ஃபிரெண்ட் பண்ண நினைக்கிறவர்கள் தாராளமாகப் பண்ணலாம். அதற்கு முதல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை உங்கள் அம்மாவின் போனில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.