ஹூலா பெண்களுக்கு மட்டுமான நடனம் அல்ல

ஹவாயின் ஹூலா பெண்களின் நடனம், சிறுவர்களுக்கு அதைக் கற்பிப்பது அண்மையில் புகுத்தப்பட்ட வழக்கம் என்று ஒரு கருத்து வந்து, பலராலும் பகிரப்பட்டுள்ளது. பணிவுடன் சொல்கிறேன், இது சரியன்று. சுற்றுலா விளம்பரங்களில் பெண்களையே பார்த்துப் பழகியதால் இந்த எண்ணம் எழுவது இயல்புதான்.

ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தில் உடன்சென்ற ஓவியர் ஜான் வெப்பர் ஹவாயில் ஓர் ஆண் ஆடுவதை வரைந்தார். அதன் அச்சுப்படம் 1784இல் அப்பயண நூலுடன் வெளியானது. அந்த ஆடவனின் கையில் இறகுகள் சூழ்ந்த சுரைக்காய்க் கிலுகிலுப்பை இருப்பதையும், நம் சலங்கை போலக் காலில் நாய்ப்பற்கள் கோத்த அணி கட்டியிருப்பதையும் தெளிவாகக் காணலாம். சுற்றுலா என்ற தொழிலே அங்கு தோன்றாத காலம் அது.

ஐயமுள்ளவர்கள் வெப்பரின் பெயரை அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்புகளில் தேடி அப்படத்தை நேரில் பார்க்கலாம். ஹிலோ நகரில் ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி நடைபெறும் மெரி மொனார்க் என்னும் ஹூலா விழாவின் போட்டிகளில் ஆண்கள் குழுக்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதை அதன் ஒளிபரப்பிலேயே காணலாம். ஹோனலுலுவில் ஹவாயின் கடைசி அரசியான ராணி லிலியுவோகலானியின் பெயரில் நடக்கும் குழந்தைகள் ஹூலா போட்டியிலும் சிறுவர்கள் ஆடுகிறார்கள். அங்கே மகனை ஹூலா பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் புதுமை எதையும் செய்யவில்லை. முன்னோர் ஆடியதையே அவன் கற்கிறான்.