வரிசையை யார் போட்டது?

உள்ளாட்சியில் சமத்துவம் என்று பேச்செடுத்தாலே, "கொள்கையெல்லாம் மேலே இருப்பவர்கள் பேசட்டும், நீங்கள் ரோட்டையும் சாக்கடையையும் பாருங்கள்" என்று ஒரு குரல் வந்துவிடும். ரோட்டிலும் சாக்கடையிலும் கொள்கை இல்லையா என்ன? எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்றொரு சின்ன நகரம். முன்பெல்லாம் பனி கொட்டினால் அங்கே முதலில் பெரிய சாலைகளைச் சுத்தம் செய்வார்கள். நடைபாதையும் சைக்கிள் பாதையும் கடைசியில். யாரும் கெட்ட எண்ணத்தில் போட்ட வரிசை இல்லை, வழக்கம், அவ்வளவுதான். எல்லாத் துறைகளிலும் ஆண், பெண் சமத்துவம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்களில் பெண்கள் அதிகம். கொஞ்சம் பனி கிடந்தாலும் கார் எப்படியோ போய்விடும். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து அதில் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிலும் நடந்து போனவர்களே அதிகம். சரி என்று வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: நடைபாதைகளும் குழந்தைகள் காப்பகங்களுக்குப் போகும் வழிகளும் முன்னால். இதற்குக் கூடுதல் செலவு ஆகவில்லை என்றார்கள்.

பின்னால் ஸ்டாக்ஹோமும் இதே வழிக்கு வந்தது. 2016 நவம்பரில் நகரமே பனியில் ஸ்தம்பித்தபோது, "பார்த்தீர்களா உங்கள் சமத்துவத்தை!" என்று கேலி பறந்தது. நூறு வருடங்களில் அப்படியொரு நவம்பர் பனி கொட்டியதில்லை என்பது மட்டும் அந்தக் கேலியில் வரவில்லை.

செயலியில் புகார் கொடுத்தால் எல்லாரும் சமம்தானே என்பவர்களுக்கு பாஸ்டனைச் சொல்வேன். காரில் போகும்போது போனே சாலைக் குழியைக் கண்டுபிடித்துச் சொல்லும் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியை 2012 வாக்கில் கொண்டுவந்தார்கள். காரும் ஸ்மார்ட்போனும் உள்ள பகுதியின் குழிகள்தானே அதில் அதிகம் பதிவாகும்? நல்லவேளை, நகர நிர்வாகம் இதை முன்பே யோசித்து, எல்லாப் பகுதிகளுக்கும் போகிற சாலை ஆய்வாளர்களிடம் முதலில் கொடுத்தது. கூப்பிடுகிறவனுக்கே முதலில் ஓடுகிற நிர்வாகம், கூப்பிடத் தெம்பில்லாதவனை மறந்துதான் போகும்.

இந்த வரிசையை மக்கள் கையிலேயே கொடுத்த ஊர் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989 முதல் புதுப் பணிகளுக்கான பணம் எந்தப் பகுதிக்கு என்பதை மக்கள் கூட்டங்கள் போட்டு முடிவு செய்தார்கள். பணத்தைப் பிரிக்க ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் போட்டார்கள்; வசதி குறைந்த பகுதிக்கு மதிப்பெண் அதிகம். 1988-ல் 75% வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997-ல் 98% ஆனது. அப்புறம் ஆட்சிகள் மாறின, ஆர்வம் வற்றியது, 2017-ல் நிறுத்தியும் வைத்தார்கள். நல்ல மனசு உள்ளவர் நாற்காலியில் இருக்கும்வரைதான் என்றால் அது உரிமை இல்லை, சலுகை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். பட்ஜெட் நிறைவேறுவதற்கு முன்பே, எந்தப் பகுதிக்கு எந்த வேலை, ஏன் அந்த வரிசை என்று பட்டியல் வெளியாக வேண்டும். அதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். கடைசியில் நிற்கிற பகுதிக்காரர் வந்து காரணம் கேட்டால், வரிசை போட்டவர் எழுத்தில் பதில் சொல்லட்டும்.