மானின் வயிற்றில் எங்கள் மத்தியானச் சோறு

நேற்றுப் பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, கோட்டை வாசலருகே ஒரு மான் சொப்பிங் பை ஒன்றை இழுத்து இழுத்து மென்றுகொண்டிருந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்று அதைப் படம் எடுத்தது. நான் கையை வீசித் துரத்தினேன். மான் பையோடுதான் ஓடியது.

மானுக்குப் பொலித்தீனில் ஆசை இல்லை. உள்ளே இருந்த சோறும் மீன்குழம்பின் உப்பும்தான் அதை இழுக்கின்றன. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் பை சுருண்டுவிட்டால் செமிக்கவும் செய்யாது, வெளியே வரவும் வராது. வயிறு நிறைந்தபடியே மான் மெலிந்து சாகும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகளும் இப்படிப் பொலித்தீன் தின்றே செத்தன.

சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. நல்லது. ஆனால் என் கோபம் பொலித்தீன் மேல் மட்டுமில்லை, சோற்றை அதற்குள் போட்டு முடிச்சுப் போடும் எங்கள் கைமேலும்தான். இலங்கையில் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. காற்றுப் படாமல் அதைக் குவித்து வைத்தால் மீதேன் வாயு வரும், கழிவுநீர் ஊறும், மேடு பாரமாகும். கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அப்படி ஒரு மேடுதான் சரிந்து வீடுகளை மூடியது. முப்பது பேருக்கு மேல் போனார்கள்.

"குப்பை வண்டியில எல்லாத்தையும் ஒண்டாத்தானே கொட்டுறாங்கள், நான் ஏன் பிரிக்க வேணும்?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, எங்கள் ஒழுங்கையிலும் அதுதான் நடக்கிறது. ஆனால் சோறு வீட்டு வளவிலேயே நின்றுவிட்டால் வண்டிக்குப் போவது காய்ந்த பை மட்டும்தான். மணமில்லாத பையை எந்த மானும் தேடி வராது. வண்டிக்காரர் எப்படிக் கொட்டினாலும் இது மாறாது.

அம்மம்மா வளவு மூலையில் கிடங்கு வெட்டி வைத்திருந்தார். அப்போது பொலித்தீனே இல்லை, அதனால் அது பெரிய சாதனையும் இல்லை. எனக்கு வளவு இல்லை, வாடகை வீடு. பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, சோற்றுக்கு மேல் ஒரு பிடி வேப்பஞ்சருகு, பிறகு மூடி. மூன்று மாதமாக ஓடுகிறது, முருங்கைக் கன்றுக்கு எருவும் போட்டாயிற்று. மீன் செதில்தான் இன்னும் மணக்கிறது. வீட்டுக்காரம்மா முறைக்கிறார். யாருக்காவது வழி தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.