ஏஐ அப்புறம் வரட்டும், மொதல்ல தாளத்த போடுங்கப்பா

நாங்க பண்றது நோட்டேஷன் ஆப், அதாவது பாட்டோட ஸ்வரத்தயும் தாளத்தயும் எழுதி வச்சுப் பாக்கற ஆப். ஆபீஸ் எச்எஸ்ஆர் லேஅவுட்ல (பெங்களூர்ல ஆப் பண்றவன் வேற எங்க இருப்பான்). இப்ப அடுத்த ரிலீசுக்கு என்னென்ன ஃபீச்சர் சேக்கலாம்னு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. போர்டு முழுக்க ஸ்டிக்கி நோட்டு. பாட்ட ஆடியோவா போட்டா ஏஐ ஸ்வரம் எழுதிக் குடுக்குமாம், தினமும் சாதகம் பண்ணா பேட்ஜ் குடுக்கணுமாம், டார்க் மோட் வேணுமாம். எனக்கு இதுல எதுவுமே அவசரமாத் தெரியல. கர்நாடக சங்கீதத்த ஒழுங்கா எழுதி வைக்க ஆப்புக்குள்ள ஒரு வழி இல்ல, அது இல்லாம மத்தத பண்ணி என்ன ஆகப்போகுது?

இப்ப நெலமை என்னன்னா, டீச்சர் நோட்டுல எழுதினத போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல வர்றது, இல்லனா யாரோ புண்ணியவான் வேர்டுல ஸ்பேஸ் தட்டித் தட்டி நேரா நிக்க வச்சு பிடிஎஃப் ஆக்கினது. ஆப்ப பொறுத்தவரைக்கும் ரெண்டுமே வெறும் படம். அந்த வேர்டு ஃபைல ஃபோன்ல தொறந்து கண்ணு தெரியலன்னு எழுத்த கொஞ்சம் பெருசாக்கினா போதும், வரி மடங்கி ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு சுத்து) எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியாது.

ஆதி தாளம்னா லகு, த்ருதம்னு துண்டு துண்டா இருக்கும்: லகு 4 அட்சரம் (எண்ணிக்கை), ரெண்டு த்ருதம் 2, 2, மொத்தம் 8. ஃபோன நேரா புடிச்சா எட்டு அட்சரமும் ஒரே வரில அடங்காது, சரி, அப்ப லகு ஒரு வரி, த்ருதம் ரெண்டும் அடுத்த வரின்னு மடக்கணும், கண்ட இடத்துல மடக்கக் கூடாது. மிஸ்ர சாபு தாளம்னா மூணு, நாலுன்னு பிரியுது, அது வேற கணக்கு. எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா ஆப்புக்குத் தெரியணும்னா ஒவ்வொரு ஸ்வரமும் எந்த அட்சரத்துல விழுது, காலம் (வேகம்) என்ன, ஸ்வரத்த நீட்டறதுக்கு கமாவா செமிகோலனா, அதாவது ஒரு கார்வையா ரெண்டான்னு உள்ள பதிஞ்சிருக்கணும்ல. வெஸ்டர்ன் மியூசிக் ஆளுங்களுக்கு மியூசிக்எக்ஸ்எம்எல்னு ஒரு ஃபார்மட் 2004லயே வந்திருச்சு, ஒரு சாஃப்ட்வேர்ல எழுதினத இன்னொண்ணுல தொறந்துக்கலாம். நமக்கு அப்படி எல்லாரும் ஒத்துக்கிட்டது ஒண்ணு இல்ல, அவனவன் அவனவன் வேர்டு ஃபைல்.

இதுலயே ஒரு கூத்து பாருங்க. மேல் ஸ்தாயிக்கு (மேல் ஆக்டேவுக்கு) ஸ்வரத்து தலைல ஒரு புள்ளி வைக்கணும். தமிழ்ல ஸ தலைல புள்ளி வச்சா ஸ்! டைப் பண்றவங்க அப்படியே ஸ்னு அடிச்சுட்டுப் போயிடறாங்க, பாக்க சரியாத்தான் இருக்கு, ஆனா ரிக்கும் நிக்கும் அந்த புள்ளி வைக்க கீபோர்டுல வழி இல்ல, அதுக்கு ஒருத்தர் அடிக்கோடு போடுறார், ஒருத்தர் கலர் மாத்துறார், ஒருத்தர் அப்படியே விட்டுடறார், பாடுறவங்க பாத்துப்பாங்கன்னு. ஸ்தாயிய எழுத்தோட சேக்காம தனித் தகவலா வச்சுக்கிட்டு, புள்ளிய ஸ்க்ரீன்ல வரையும்போது போட்டா இந்த தலவலியே கிடையாது.

அப்படி வச்சா இன்னும் என்னென்ன கிடைக்குதுன்னு பாருங்க. மல்லேஸ்வரத்துல ஒரு பாட்டு கிளாஸ்னா ஒரு குழந்தை கன்னடத்துல படிக்கும், ஒண்ணு தமிழ்ல, ஒண்ணுக்கு இங்கிலீஷ் மட்டும்தான், டீச்சர் கையில இருக்கறது தெலுங்கு புக்கு. ஸ்வரத்துக்கு ஒரு பட்டன் தட்டினா எழுத்து மாறிடும். சாகித்யம்தான், அதாவது பாட்டோட வரிதான், கொஞ்சம் வேலை, கன்னடம், தெலுங்குல நாலு க, தமிழ்ல ஒண்ணுதான், அதுக்கு 2, 3, 4ன்னு நம்பர் போட்டு எழுதுற பழக்கம் இருக்கு, அதையும் ஆஃப் பண்ண வசதி வேணும், எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு அந்த நம்பரப் பாத்தாலே எரிச்சல் வரும். அப்புறம் கீபோர்டு வாசிக்கிற பையன் ஸ்டாஃப்ல (அஞ்சு கோட்டு வெஸ்டர்ன் நோட்டேஷன்ல) கேப்பான். நம்ம ஆளுங்க ஸ்ருதிய கட்டைலதான் சொல்லுவாங்க, ஒரு கட்டைன்னா சி, அஞ்சு கட்டைன்னா ஜி. பாடுறவங்க கட்டைய சொன்னா அவனுக்கு அந்த ஸ்ருதியிலயே ஸ்டாஃப் வரணும், பாடுறவங்களுக்கு அதே ஸரிகமதான்.

அடுத்தது பக்கம் திருப்புறது. ஆட்டோ ஸ்க்ரோல்னு போர்டுல எழுதி வச்சிருக்காங்க, அது மேல இருந்து கீழ ஒரே போக்கா போகும், நம்ம பாட்டு அப்படியா போகுது? அனுபல்லவி முடிஞ்சா பல்லவி, சரணம் முடிஞ்சா மறுபடி பல்லவி. வர்ணம் எடுத்தா இன்னும் மோசம், சரணத்துக்கு அப்புறம் வர்ற எத்துக்கடை ஸ்வரம் ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் சரணத்துக்குத் திரும்பணும். வீணைல ரெண்டு கையும் மாட்டிக்கிட்டிருக்கும்போது யார் வந்து ஸ்க்ரீன தள்றது? ப்ளூடூத் பெடல் இருக்கே, சம்மணம் போட்டு உக்காந்தவங்க எந்த காலால அமுக்கறது? ஆகவே எங்க திரும்பணும்கறதும் டேட்டாவுல இருக்கணும், ஆப் தானா பல்லவிக்கு வரணும். சர்ச் கொயர்ல பாடுற என் ஃப்ரெண்டும் டா காபோ (மொதல்ல இருந்து திரும்பப் பாடுங்கற குறி) வந்தா முதல் பக்கத்துக்குப் பாயறது பெரிய அவஸ்தைன்னு சொல்றா. ஆக எல்லாருக்கும் இதே பாடுதான். (மேடைல ஐபேட் வச்சுப் பாடலாமா கூடாதாங்கற சண்டைக்கு நான் வரல சாமி.)

ஏஐக்கு ஏன் அவசரம் வேணாங்கறேன்னா, தோடி ராகத்துல வர்ற காந்தாரத்தயே (க ஸ்வரம்) எடுத்துக்கங்க. அது ஒரு இடத்துல நின்னாத்தானே மெஷின் புடிக்கும், அது ஆடிக்கிட்டே இருக்கும். கேட்டதக் கேட்டபடி எழுதுறேன்னு ஏஐ ரி ம ரி மன்னு வரிசையா குடுக்கும், அத வச்சு சின்னப் புள்ளை பாடினா டீச்சர் நம்மள திட்டுவாங்க. எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர் 1904லயே சங்கீத சம்பிரதாய பிரதர்சினில ஸ்வரத்து மேல கமகத்துக்குன்னே (இப்படி ஸ்வரத்த ஆட்டி அசைச்சுப் பாடறதுக்கு) குறி போட்டு அச்சடிச்சிருக்கார். அந்த மாதிரி கமகத்த ஒரு தனி லேயரா வைங்க, வேணுங்கறவங்க ஆன் பண்ணிக்கட்டும், டீச்சர் தன் பாடாந்தரத்துக்கு (தான் கத்துக்கிட்ட பாணிக்கு) மாத்திக்கட்டும். மனுஷங்க கையால இப்படி நெறைய எழுதிச் சேந்தப்புறம் ஏஐக்கு சொல்லிக் குடுக்கலாம்.

மீட்டிங்ல இதெல்லாம் சொன்னப்ப "நிச் யூஸ் கேஸ்"னு, அதாவது கொஞ்ச பேருக்குத்தான் உதவும்னு, ஒரு பதில் வந்துச்சு. இந்த ஊர்ல ராமநவமி கச்சேரி நடக்கற சமயம் கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துப் பக்கம் போய் பாத்துட்டு வந்து அதே வார்த்தைய சொல்லட்டும்.

பாட்டு சொல்லிக் குடுக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சா, உங்க நோட்டுல ஒரு பக்கத்த போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க, கிறுக்கலா இருந்தாலும் பரவால்ல. மந்தர (கீழ்) ஸ்தாயிக்கு என்ன குறி போடுறீங்க, ரெண்டாங்காலத்துக்கு மேல கோடு போடுறீங்களா கீழயான்னு பாக்கணும். அடுத்த மீட்டிங்ல ஸ்டிக்கி நோட்டுக்குப் பதிலா அத ஒட்டப்போறேன்.